நிலக்காட்சி நிழற்படங்களைச் சேகரித்தல்

ஓவியங்களைச் சேகரிப்போர் உளர். பழைய நாணயங்களையும் முத்திரைகளையும் சேகரிப்போரும் நம்மிடையே உளர். அவர்கள் எதனைச் சேகரிக்கின்றனர் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஓவியம் ஒன்றே, அதனை உடையவரும் ஒருவரே. நிழற்படத்தின் நிலை அவ்வாறன்று. கமராவில் ஒருமுறை பதிந்த நெகற்றிவிலிருந்து பத்துப் பிரதிகளும் எடுக்கலாம், பதினாயிரம் பிரதிகளும் எடுக்கலாம். அங்ஙனமாயின், மலையொன்றையோ ஆறொன்றையோ காட்டும் கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் பல இலட்சம் டொலர் கொடுத்து ஒருவர் வாங்குவதன் பொருள் யாது? அவர் வாங்குவது அம்மலையின் தோற்றத்தையா, நெகற்றிவையா, வெறுங் காகிதத்தையா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செல்வர்தம் பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாக இது தொடங்கினும், அழியக்கூடிய பொருளொன்று எவ்வாறு நின்று நிலைக்கின்றது என்னும் வினாவாகவே முடியக் காண்போம்.

முதலில் நிலக்காட்சி என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். தொல்காப்பியர் முதற்பொருள் என வகுத்தவை இரண்டே. அவை நிலமும் பொழுதும். நிலக்காட்சி நிழற்படத்திற்கும் முதலாவன இவ்விரண்டுமே. மலையை நகர்த்தவும் மரத்தை நடவும் நிழற்படக் கலைஞனால் இயலாது. எங்கு நிற்பது, எப்பொழுது பதிவது என்பனவே அவன் கையில் உள்ளவை. விடியலில் ஒரு மலை வேறு. நண்பகலில் அதே மலை வேறு. நிறத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒளியின் ஏற்றத்தாழ்வு மட்டுமே. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்திற் பொழுதின் ஆட்சியே மேலோங்கி நிற்கும். கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் படிகளைக் கொண்டே கல்லின் கடுமையும் முகிலின் மென்மையும் நீரின் அசைவும் உணர்த்தப்படல் வேண்டும்.

இப்படிகளைப் பெறுவது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக வசப்படுவன. நிலத்துக்கு வேண்டிய அளவு ஒளியைக் கொடுத்தால் வானம் அளவுமிஞ்சிப் பதிந்து, பிரதியில் வெறும் வெண்மையாகும். வானத்துக்கு அளந்து கொடுத்தால் நிலம் இருண்டுவிடும். பிரான்சிய நிழற்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிறே 1850களிற் கடற்காட்சிகளைப் படம்பிடித்தபோது இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு நெகற்றிவிலும் வானத்தை மற்றொன்றிலும் பதிந்து, இரண்டையும் ஒரே காகிதத்தில் அடிவானத்திற் பொருந்துமாறு இணைத்துப் பிரதி செய்தார். தென்பிரான்சின் செற் கரையில் அவர் எடுத்த 'பேரலை' என்னும் படத்தின் பிரதியொன்று 1999ஆம் ஆண்டு இலண்டனில் 507,500 பவுணுக்கு ஏலம் போயிற்று. கமரா கண்டதை அப்படியே தருவதே நிழற்படம் என்ற எண்ணம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை இஃதொன்றே காட்டும். படம் கடற்கரையிற் பாதியும் இருட்டறையிற் பாதியுமாகப் பிறந்தது.

இவ்வுண்மையை முழுமையாக விளக்குவதற்கு அமெரிக்கரான அன்சல் அடம்ஸைப் போற் பொருத்தமானவர் பிறிதொருவர் இலர். 1902ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த அவர், இளமையிற் பியானோ வாசிப்பதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள எண்ணியவர். 1916ஆம் ஆண்டு பெற்றோருடன் கலிபோர்ணியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது, கையிற் கிடைத்த சிறு பெட்டிக் கமராவே அவர் போக்கை மாற்றிற்று. 1927ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் திகதி, அப்பள்ளத்தாக்கின் 'ஹாவ் டோம்' என்னும் பெரும்பாறையை எதிர்நோக்கிய மேட்டில் அவர் கனமான கருவியுடன் நின்றார். எஞ்சியிருந்த கண்ணாடித் தகடுகள் இரண்டே. முதலாவதை மஞ்சள் வடிகட்டியை இட்டுப் பதிந்தார். பதிந்த மறுகணமே, பாறையின் முன் நின்று தாம் உணர்ந்த பெருமிதம் அத்தகட்டில் வாராது என அவருக்குப் புலனாயிற்று. கடைசித் தகட்டைக் கடுஞ்சிவப்பு வடிகட்டியின் ஊடாகப் பதிந்தார். நீல வானம் ஏறக்குறையக் கருமையாயிற்று. அதன் முன் பாறை தனித்து ஓங்கி நின்றது. பதியுமுன்னரே முடிந்த பிரதியை மனக்கண்ணாற் காணல் என்னும் கொள்கையை அன்றுதான் உணர்ந்து கையாண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அக்காலத்தில் நிழற்படத்திற்குக் கலையுலகில் இருந்த மதிப்பு யாதென்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்றும் அதே ஆண்டில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கலைப்புரவலரான அல்பேட் பெண்டர் என்பார் அடம்ஸின் மலைப்படங்களைக் கண்டு மகிழ்ந்து, அவற்றைத் தொகுதியாக வெளியிடத் துணைநின்றார். பதினெட்டுப் படங்கள் கொண்ட தொகுதியின் விலை 50 டொலர். நிழற்படம் என்று பெயரிட்டால் அதனைக் கலைப்பொருளென எவரும் வாங்கார் என வெளியிட்டவர் அஞ்சினார். ஆதலால் 'பார்மீலியன் பிரதிகள்' என அகராதியிற் காணாத சொல்லொன்றைப் படைத்துத் தலைப்பிட்டனர். பொருளற்ற ஒரு சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டுதான் நிழற்படம் சேகரிப்போர் வீட்டினுள் நுழைய வேண்டியிருந்தது. நியூயோர்க் நவீன கலைக்கூடம் நிழற்படத்திற்கெனத் தனிப் பகுதியொன்றை நிறுவியது 1940ஆம் ஆண்டிலேயே. அதனை அமைப்பதில் அடம்ஸும் பங்குகொண்டார்.

இனி, அவர் படங்களுள் மிகப் புகழ்பெற்றதை எடுத்துக்கொள்வோம். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் அவர் தம் மகனுடனும் நண்பருடனும் காரிற் சென்றுகொண்டிருந்தார். சாலையோரத்தில் ஹெர்னான்டெஸ் என்னும் சிற்றூர். கீழ்வானில், பனிமூடிய மலைத்தொடருக்கு மேலே திங்கள் எழுந்திருந்தது. மேற்கே சாயும் ஞாயிற்றின் கடைசிக் கதிர்கள் தேவாலயத்தை அடுத்த சவக்காலையின் வெள்ளைச் சிலுவைகளிற் பட்டு அவற்றை ஒளிரச் செய்தன. காரை நிறுத்திப் பெருங்கமராவை முக்காலியில் ஏற்றினார். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. கதிரவனோ முகிலினுள் மறையும் தறுவாயில் இருந்தான். திங்களின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கண்டில் என்னும் கணக்கு அவர் நினைவுக்கு வந்தது. அதனையே அளவுகோலாகக் கொண்டு மனக்கணக்கிட்டு, ஒரு செக்கன் நேரம் பதிந்தார். காப்பாக இரண்டாவது படமொன்று பதிவதற்கு விரைந்து தகட்டுறையைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளை விட்டு ஒளி அகன்றுவிட்டது. ஆகவே நெகற்றிவ் ஒன்றே.

அது எந்நாள் என்பதை அடம்ஸ் குறித்துவைக்கவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். படத்தில் திங்கள் நின்ற இடத்தையும் மலைகளின் அமைப்பையுங் கொண்டு வானியலறிஞர் கணித்தனர். 1941 நவம்பர் 1ஆந் திகதி பிற்பகல் 4 மணி 49 நிமிடம் என்பதே 1991இல் வெளியான திருத்திய முடிவு. எடுத்தவர் மறந்த பொழுதினைப் படம் மறக்கவில்லை.

ஆயினும் நமக்கு வேண்டிய பாடம் இதன் பின்னரே தொடங்குகின்றது. அந்த நெகற்றிவ் பிரதி செய்வதற்கு மிகவும் கடினமானது. வானத்திற் பதிந்த ஒளி மிகுதி. முன்னிலத்திற் பதிந்தது சொற்பம். ஆகவே ஒவ்வொரு பிரதி செய்யும்போதும் உருப்பெருக்கியின் ஒளியைச் சில இடங்களிற் கையாலும் அட்டையாலும் மறைத்தும், சில இடங்களிற் கூடுதலாகக் காட்டியும் அவர் பாடுபட வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டில் நெகற்றிவின் முன்னிலப் பகுதியை இரசாயன முறையால் வலுப்படுத்தினார். முற்காலப் பிரதிகளில் வானத்தின் மேற்பகுதியில் மெல்லிய முகிற்கீற்றுக்கள் தெரியும். வானம் சாம்பல் நிறமாக இருக்கும். பிற்காலப் பிரதிகளிலோ வானம் நள்ளிரவுபோற் கருத்திருக்கும். திங்களும் சிலுவைகளும் அக்கருமையில் மணிகள்போற் பதிந்திருக்கும். தம் வாழ்நாளில் இந்நெகற்றிவிலிருந்து 1,300க்குக் குறையாத பிரதிகளை அவர் செய்தார் என்பர். இருவேறு காலத்துப் பிரதிகள் ஒன்றுபோல் இரா.

பியானோப் பயிற்சியில் ஊறியவராதலின், நெகற்றிவைச் சுரக்குறிப்புக்கும் பிரதியை அதனை இசைப்பதற்கும் ஒப்பிடுவது அடம்ஸின் வழக்கம். நம் மரபில் இதனை விளக்குவது இன்னும் எளிது. ஒரே கீர்த்தனையை ஒரே பாடகர் இருபது வயதிலும் பாடுகிறார். அறுபது வயதிலும் பாடுகிறார். சாகித்தியம் மாறவில்லை, பாட்டு மாறிவிட்டது. நிழற்படம் சேகரிப்பவர் பெறுவது சாகித்தியத்தையன்று, ஒரு நாள் ஒருவர் பாடிய பாட்டை. தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு விடை இதுவே.

இவ்விடையை மனத்திற் கொண்டால், சேகரிப்போர் ஒரு பிரதியைக் கண்டதும் கேட்கும் கேள்விகள் தாமே விளங்கும். பிரதி செய்தவர் யார், எப்பொழுது செய்தார், எத்தாளில் எம்முறையிற் செய்தார், இத்தகையன எத்தனை உள என்பனவே அவை.

செய்தவர் யார் என்பதன் முதன்மைக்கு எட்வேட் வெஸ்ரன் சான்று. கலிபோர்ணியாவின் பொயின்ற் லோபொஸ் கரையையும் ஓஷியானோ மணற்குன்றுகளையும் படம்பிடித்த அப்பெருங் கலைஞர், பாக்கின்சன் நோயினால் 1948க்குப் பின் கமராவைக் கையாள இயலாதவரானார். 1958இல் அவர் மறைந்த பின் மகன் கோல், தந்தையின் நெகற்றிவ்களிலிருந்து நேரிய முறையிற் பிரதிகள் செய்து விற்றார். படம் ஒன்றே, ஆயினும் தந்தை தம் கையாற் செய்த பிரதிக்கும் மகன் செய்த பிரதிக்கும் சந்தையில் உள்ள விலை வேறுபாடு மிகப் பெரிது. காலமும் அவ்வாறே. நெகற்றிவ் பிறந்த காலத்தை ஒட்டிச் செய்யப்பட்ட பிரதியை 'விண்டேஜ்' என்னும் சொல்லாற் குறிப்பர். அது கலைஞனின் முதற் கருத்தைக் காட்டுவது. பெரும்பாலும் அரிதாகவே கிடைப்பது. அதனால் விலையும் மிகும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை கலைஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எட்வேட் வெஸ்ரனின் மற்றொரு மகனும் தாமே சிறந்த நிலக்காட்சிக் கலைஞருமான பிறெற் வெஸ்ரன், தம் படங்களைத் தாமன்றிப் பிறர் பிரதி செய்தலாகாது என்னும் உறுதியுடையவர். 1991ஆம் ஆண்டு தம் எண்பதாவது பிறந்தநாளில் நெகற்றிவ்களைத் தம் வீட்டுக் கணப்பில் இட்டு எரித்தார். அடம்ஸோ தம் நெகற்றிவ்களை அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் நிழற்படக்கலை நிலையத்திற்கு அளித்தார். பின்வரும் மாணவர் அவற்றைக் கொண்டு பயிலட்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் பாட்டுடன் சாகித்தியமும் முடியட்டும் என்றார். மற்றவர் சாகித்தியம் எவர் வாயிலும் வாழட்டும் என்றார். யான் அடம்ஸின் பக்கமே நிற்பேன்; எனினும் எரித்தவரின் உறுதியையும் இகழ மனம் வரவில்லை.

வெறும் நெகற்றிவின் மதிப்பு யாது என்பதற்கு அண்மைக்கால வழக்கொன்று உண்டு. கலிபோர்ணியாவின் பிறெஸ்னோ நகரில் 2000ஆம் ஆண்டு, பழம்பொருள் விற்பனையொன்றில் ஒருவர் 65 கண்ணாடி நெகற்றிவ்களை 45 டொலருக்கு வாங்கினார். பத்தாண்டின் பின் அவை அடம்ஸ் எடுத்தவை, 20 கோடி டொலர் பெறுமதியானவை என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அடம்ஸின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பாளர் அதனை மறுத்தனர். வழக்கு எழுந்து, பின் இணக்கத்தில் முடிந்தது. எடுத்தவர் எவராயினும் ஆகுக. அவை அடம்ஸினுடையவையே எனக் கொண்டாலும், அவற்றிலிருந்து இன்று பிறர் செய்யும் பிரதி அவர் தம் கையால் இசைத்த இசையாகாது. இக்கருத்தை உணராதவரே அப்பெருந்தொகையைக் கேட்டு மயங்கினர்.

விலையுயர்ந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1970களில் நிழற்படச் சந்தை விரைந்து வளர்ந்தது. 1975ஆம் ஆண்டு முடிந்த பின் தனிப் பிரதிகளுக்கான கேள்விகளை ஏற்பதில்லை என அடம்ஸ் அறிவித்தார். அத்தவணைக்குள் மூவாயிரத்தை எட்டும் பிரதிகளுக்குக் கேள்விகள் வந்து குவிந்தன. அவற்றைச் செய்து முடிக்க முதுமையில் அவருக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. 1984இல் அவர் மறைந்தார். ஹெர்னான்டெஸ் படத்தின் பிரதியொன்று 2006இல் 609,600 டொலருக்கும், வயோமிங் மாநிலத்தின் ரீற்றன் மலைகளையும் ஸ்னேக் ஆற்றையும் காட்டும் படத்தின் பிரதியொன்று 2020இல் 988,000 டொலருக்கும் ஏலம் போயின.

இத்தொகைகளைக் கேட்டு மலைத்து நிற்பதிற் பயனில்லை. பிரதியென்னும் பொருள் எத்துணை மென்மையானது என்பதை அறிதலே தக்கது. கறுப்பு வெள்ளைப் பிரதியின் கருமை, ஜெலற்றின் படலத்தில் தங்கிய நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆயது. துலக்கிய பின் எஞ்சும் வெள்ளி உப்பை அகற்ற 'ஹைப்போ' என்னும் கரைசலில் இடுவர். அந்த ஹைப்போ முற்றாகக் கழுவப்படாவிடின், அதிலுள்ள கந்தகம் காலப்போக்கில் வெள்ளியைத் தாக்கிப் படத்தைப் பழுப்பாக்கும். நன்கு கழுவி, செலீனியக் கரைசலில் இட்டு உறுதிப்படுத்திய பிரதி பல தலைமுறைக்கு நிற்கும். ஈரப்பதன் நூற்றுக்கு 30க்கும் 50க்கும் இடையில் இருத்தல் நன்று. நம் நாட்டின் காற்றில் அதனினும் மிகுந்த ஈரம் உண்டு. ஜெலற்றினோ பூஞ்சணத்திற்கு நல்லுணவு. அமிலமுள்ள அட்டையும் பசையும் வெயிலும் பிற பகைகள். சேகரிப்பவர் பணியிற் பாதி இப்பகைகளோடு போராடுதலே.

மறுபாதி, தீயும் போரும் மறதியும் ஆகிய பெரும்பகைகளைப் பற்றியது. அடம்ஸுக்கு முன் யொசெமிற்றியைப் படம்பிடித்த முன்னோடி கார்ல்ரன் வொட்கின்ஸ். 1861ஆம் ஆண்டு அவர் ஏறக்குறைய 18 அங்குலம் உயரமும் 22 அங்குலம் அகலமுங் கொண்ட கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச்சென்று எடுத்த காட்சிகள் கிழக்கு நகரங்களில் வியப்பை ஊட்டின. 1864இல் ஆபிரகாம் லிங்கன் அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கெனக் காக்கும் சட்டத்திற் கையொப்பமிடுவதற்கு அப்படங்களும் துணைசெய்தன என வரலாற்றாசிரியர் கருதுவர். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தையடுத்து மூண்ட தீயில் அவருடைய கூடமும் அங்கிருந்த நெகற்றிவ்களும் அழிந்தன. 1937இல் அடம்ஸின் யொசெமிற்றி இருட்டறையிலும் தீப்பற்றி ஆயிரக்கணக்கான நெகற்றிவ்கள் பாழாயின; ஹாவ் டோம் பாறையின் தகடு விளிம்பு கருகித் தப்பிற்று. நம் நாட்டிலும் இதற்கு நிகரான இழப்பொன்று உண்டு. கொழும்பின் லயனல் வென்ற் 1944இல் மறைந்த பின் அவர்தம் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் கண்ட இலங்கையின் கரைகளும் கோயில்களும் மக்களும் இன்று நமக்குக் காட்சி தருவது, அவர் கையாற் செய்த பிரதிகள் எஞ்சியமையாலும் 1950இல் இலண்டனில் வெளிவந்த நூலினாலுமே. நெகற்றிவ் அழிந்தவிடத்து, எவரோ ஒருவர் விரும்பி வாங்கிச் சுவரில் மாட்டிய பிரதியே மூலமாகிவிடுகின்றது.

இதனை யான் நூல்களால் மட்டும் அறிந்தேனல்லேன். எம் வீட்டு விறாந்தையில் ஒரு நிலக்காட்சிப் படம் தொங்கியது. மாரி வெள்ளம் நிறைந்த வயல், அதன் நடுவே ஒற்றைப் பனை, தூரத்திற் கோயிற் கூரை. என் தந்தையார் இளமையில் இரவற் கமராவால் எடுத்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு நாம் ஊரைவிட்டு நடந்தபோது அதனை எவரும் எடுத்து வரவில்லை. அரிசியும் உடுப்பும் எடுத்தோம். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, படமும் இல்லை. நெகற்றிவ்களை வைத்திருந்த பெட்டியும் போயிற்று. தந்தையார் காலமாகிப் பல்லாண்டின் பின், ரொறொன்ரோவில் வாழும் சிறிய தந்தையார் கடித உறையொன்றை அனுப்பினார். அதனுள் அதே வயல், அதே பனை. எழுபதுகளிற் புதுவருட வாழ்த்தாக அண்ணன் தம்பிக்கு அனுப்பிய பிரதி அது. பின்புறத்திற் பென்சிலால் ஊரின் பெயரும் மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பனை இன்று இல்லை. விலை மதிப்பிடுவோர் அப்படத்திற்கு ஒரு டொலரும் தரார். ஆயினும் ஒரு பிரதியைப் பேணுதல் என்பதன் முழுப்பொருளும் அன்று எனக்கு விளங்கிற்று.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை முடிப்பேன். அடம்ஸின் பிரதியை வாங்குதல் நம்மில் எவர்க்கும் இயலாது. நன்கு அச்சிட்ட நூல்களிற் கண்டு கண்ணைப் பழக்குதல் இயலும். அவ்வாறு பழகிய கண்ணுடன் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். மனிதர் முகங்களுக்குப் பின்னே நிற்கும் குளமும் ஒழுங்கையும் தோட்டமும் நிலக்காட்சிகளே. பசையிட்டு ஒட்டிய தாளிலிருந்து தக்கார் துணையுடன் அவற்றை விடுவியுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மென்மையான பென்சிலால் அழுத்தாமற் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். ஒரு பிரதியைத் தொலைவில் உள்ள உறவினர்க்கும் அனுப்பிவையுங்கள். நிலம் மாறும், பொழுது மீளாது. இரண்டும் சேர்ந்திருந்த ஒரு கணத்திற்குச் சான்றாக நிற்பது அத்தாள் ஒன்றே.